பயனீட்டாளர் கேள்வி-பதில்: ஏழு மைக் பெட்டி

டிரம்ஸ் பதிவுக்கென்று ஏழு மைக் உள்ள பெட்டி வாங்கினேன். வீட்டில் பதிந்தால் தகர டின்னைத் தட்டுவதுபோல் மெலிசாக வருகிறது. இதைவிட விலை கூடிய பெட்டி வாங்கலாமா? (செந்தூல்)

வாங்காதீர்கள். மைக் கூடினால் ஒலி கனக்கும் என்று சொல்லியே இந்தப் பெட்டிகளைத் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு நெடுநாள் ஆத்திரம் இது. ஸ்னேரில் (வாசிப்பவர் முன்னால் இருக்கும், சளசளக்கும் சின்ன டிரம்மில்) விழும் ஒரே அடி, தூரத்துக்கேற்ப ஒவ்வொரு மைக்கிலும் வெவ்வேறு நேரத்தில் பதிகிறது. எல்லாவற்றையும் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒலி மெலிவது அதனால்தான்.

மூன்றை மட்டும் வையுங்கள். 1960களின் இறுதியில் ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. ஒரு மைக் ஸ்னேருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டரில். இன்னொன்று தரையில் நிற்கும் டிரம்மான ஃப்ளோர் டாமுக்குப் பக்கத்தில், அதன் விளிம்புக்குச் சற்று மேலே, ஸ்னேரைப் பார்த்தபடி. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம் இருக்கவேண்டும். கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். மூன்றாவது கிக்குக்கு, அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு. அந்த மைக்கின் போலாரிட்டியை (அலையைத் தலைகீழாக்கும் அமைப்பை) மாற்றி மாற்றிக் கேட்டு, அடி எதில் கனமோ அதிலேயே விடுங்கள்.

ஃபிளாட் வீட்டில் கூரை தாழ்வு. மைக் கூரையை நெருங்கினால் அங்கே பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து மறுபடி மெலியும். கொஞ்சம் இறக்குங்கள், மேலே தடித்த பஞ்சுப் பலகை ஒட்டுங்கள்.

நானும் இப்படி ஒரு பெட்டி வாங்கியவன். கிக் மைக் உழைக்கிறது, டாம் மைக்குகள் பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை.

என் இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியில்) இரண்டு மைக்தான் சொருகலாம். போதுமா? (பினாங்கு)

போதும். ஒன்று கிக்குக்கு, ஒன்று மேலே.

ஆன்லைனில் வாங்கிய கண்டென்சர் மைக் இரண்டும் ஊமை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். (பட்டர்வொர்த்)

இன்டர்ஃபேஸில் உள்ள 48 வோல்ட் பட்டனை அழுத்தினீர்களா? கண்டென்சருக்கு மின்சாரம் வேண்டும் என்பதைக்கூடப் படிக்காமல் ஒருவர்மேல் பழி போடக்கூடாது. அழுத்தியும் வரவில்லையென்றால் எழுதுங்கள்.

ஷூர் எஸ்எம்57 மைக் என்று 120 வெள்ளிக்கு வாங்கினேன். போலி என்கிறார் ஒலிப்பதிவு செய்யும் நண்பர். விற்ற கடை பதிலே போடுவதில்லை. (பிரிக்பீல்ட்ஸ்)

வருத்தமாக இருக்கிறது. விலை குறைவாக இருந்ததால் தப்பு உங்களுடையது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலியை அசல் என்று விற்றவர்தான் குற்றவாளி. விளம்பரம், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். வாங்கிய தளத்தில் இன்றே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்; பொருள் கிடைத்தது என்ற பட்டனை அழுத்தாதீர்கள். அப்புறமும் மசியவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

டாம்கள் டொக் டொக் என்கின்றன. எந்த மைக் வாங்கலாம்? (ஜெலுத்தோங்)

டாமின் தோலை மாற்றி, மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் சுதி சேருங்கள். மைக் கடைக்கு அதுவரை போகவேண்டாம்.