பழைய டிவி தொடரை ப்ளூ-ரே டிஸ்க்கில் பார்த்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் அந்தத் தொடரை முதலில் எதில் படம் பிடித்தார்கள், பிலிமிலா வீடியோவிலா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு உயிரான எபிசோடு, அமெரிக்க விண்வெளித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஐந்தாவது சீசனின் 'தி இன்னர் லைட்'. 1992-இல் வந்தது. விண்கலக் கேப்டன் பிக்கார்ட் மயங்கிக் கிடக்கும் அரை மணி நேரத்துக்குள், என்றோ அழிந்துபோன ஒரு கிரகத்தில் மனைவி, பிள்ளைகள், பேரன் என ஒரு முழு ஆயுளை வாழ்ந்து முடிப்பார்.

பள்ளி நாட்களில் வேளச்சேரி வீட்டில் கேபிளில் பார்த்தபோது முகங்கள் எல்லாம் மாவு பூசினாற்போல மங்கலாக இருக்கும். கேபிள்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. படம் பிடித்தது 35 எம்.எம். பிலிமில், எடிட்டிங்கும் கிராபிக்ஸும் வீடியோ டேப்பில். அதனால் ஒளிபரப்புக்குப் போனதே 480 கோடு மட்டுமே கொண்ட, தெளிவு குறைந்த வீடியோதான். ப்ளூ-ரேக்காக மூல நெகட்டிவை வெளியே எடுத்து, 178 எபிசோடுகளையும் புதிதாக வெட்டி ஒட்டி, விண்கலக் காட்சிகளை மறுபடி கோத்தார்கள். 2012-இல் முதல் சீசன், 2014-இல் கடைசி. அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

ரிட்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக ஒரு ப்ளேயர் வாங்கினேன். (அமெரிக்க டிஸ்க் ரீஜன் ஏ, நம் ஊர் ரீஜன் சி. ஒரு ரீஜன் டிஸ்க் வேறு ரீஜன் ப்ளேயரில் ஓடாமல் போகலாம், கேட்டு வாங்குங்கள்.) படம் 4:3 அளவில்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். தயவுசெய்து இழுத்துப் பெரிதாக்காதீர்கள், முகம் கெட்டுவிடும்.

அப்புறம் அந்த முதுமைக் காட்சிகள்! பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் நெற்றிச் சுருக்கம், தளர்ந்த கன்னம், கண்ணுக்குக் கீழே தொங்கும் தோல், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. மகனாக வருபவர் அவருடைய சொந்த மகன் டேனியல். இரண்டு முகத்துக்கும் உள்ள சாயல் முன்பு எனக்குத் தெரிந்ததே இல்லை.

கடைசியில் பிக்கார்ட் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, அந்த இன்னொரு வாழ்க்கையில் தான் வாசித்த குழலை எடுப்பார். அதில் தொங்கும் குஞ்சம்கூட இழை இழையாகத் தெரிந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்புறம் ஜன்னலோரம் நின்று வாசிப்பார்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அவர்கள் பேசும் ஆங்கிலம் பிடிபடாது. ஆனால் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். முடிந்ததும் சொன்னார்: "அந்தப் புல்லாங்குழல் வாசிக்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுப்பா."