வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: மரணப் பதிவேட்டில் தெரியாத சுமை

கேள்வி: சென்ற வாரம் எங்கள் தொடர்மாடிக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நுளம்பு பெருகும் இடங்களைத் தேடி, பூச்சாடித் தட்டு முதல் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி வரை பார்த்துவிட்டுச் சென்றார். மாரடைப்பும் நீரிழிவும்தான் இந்நாட்டில் அதிகம் பேரைக் கொல்கின்றன என்று நீங்களே இப்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, தொற்றுநோய்களுக்கு இத்தனை ஆளும் பணமும் எதற்கு?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: எழுதியதில் மாற்றமில்லை. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு தொற்றா நோய்களாலேயே நிகழ்கின்றன. ஆனால், தொற்றுநோயின் பாரம் மரணப் பதிவேட்டில் முழுதாகத் தெரிவதில்லை.

2017ஆம் ஆண்டில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை 1 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியது. இறந்தவர்கள் 400 சொச்சம். மரணம் அந்த அளவோடு நின்றது சும்மா அல்ல. காய்ச்சல் விடும் தறுவாயில், இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் 24 முதல் 48 மணித்தியாலங்களில், நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சேலைன் ஏறியது, எவ்வளவு சிறுநீர் கழிந்தது என்பதைத் தாதியர் மணிக்கு மணி குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வாண்டு நான் பார்த்த வார்ட்டு ஒன்றில் கட்டில்களுக்கு இடையே பாய் விரித்திருந்தார்கள். அளவுக் குடுவை போதாமல், வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை வெட்டி, பேனையால் கோடு கீறிச் சிறுநீர் அளந்தார்கள். நீங்கள் குறிப்பிடும் நீரிழிவு நோயாளியும் இதய நோயாளியும் அதே வார்ட்டுக்குத்தான் வர வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பாரம், இல்லாமற்போன நோய்களைக் காவல் காப்பது. 1934–35இல் மலேரியா இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லியைத் தெளித்துத் தெளித்து, 1963இல் நோயாளர் தொகையை வெறும் 17ஆகக் குறைத்தார்கள். 'இனி என்ன?' என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொகை இலட்சக்கணக்கில் ஏறிவிட்டது. (உங்கள் கேள்வியை அன்றும் யாரோ கேட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.) 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லையென்பதால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் வழங்கியது. ஆனால், நோயைக் காவும் நுளம்பு போய்விடவில்லை. போதாததற்கு, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இன்னொரு நுளம்பினமும் பின்னர் மன்னாரில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரின் இரத்தத்தைச் சோதிக்கத் தவறினாலே போதும். சின்னமுத்தையும் 2019இல் ஒழித்துவிட்டோம் என்று சான்றிதழ் பெற்றோம். 2023இல் கொழும்பிலேயே மீண்டும் கண்டோம்.

எனவே, பரிசோதகர் அடுத்த முறை வரும்போது, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் காட்டுங்கள். பலரும் மறக்கும் இடம் அது. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் டெங்கு நுளம்பின் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, ஈரம் பட்டதும் பொரிக்கும்.

கேள்வி: என் மகனுக்கு டெங்குவாக இருக்கலாம் என்று கூறிய தனியார் வைத்தியர், இரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்னரே எங்கள் முகவரியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பிவிட்டார். இது முறையா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முறைதான். அறிவிக்க வேண்டிய நோய்களைச் சந்தேகம் எழுந்தவுடனேயே அறிவிப்பது அரசாங்க, தனியார் வைத்தியர் இரு சாராருக்கும் சட்டப்படியான கடமை. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. முடிவு வரும் வரை காத்திருந்தால், உங்கள் மகனைக் கடித்த நுளம்பு பக்கத்து வீட்டையும் பார்த்துவிடும். மகனுக்கு இப்போதைக்குப் பெனடோலைத் தவிர வேறு காய்ச்சல், வலி மாத்திரை எதையும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம்.