கின்மென்: குண்டுக் கத்தியும் டிசம்பர் காற்றும்

வணக்கம் ஐயா,

தைவானின் கின்மென் தீவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மூன்று நாள் போகலாமென்று இருக்கிறோம். கணவருக்குப் போர் வரலாறு, எனக்குப் பழைய வீடுகளும் கடைகளும், பிள்ளைகளுக்குக் கடற்கரை. எல்லாம் அடங்குமா? பீரங்கிக் குண்டில் செய்த கத்தி என்கிறார்களே, அது நிஜமா, வியாபாரக் கதையா?

ஒரு வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கத்தி நிஜம்தான். 1958 ஆகஸ்ட் 23 அன்று எதிரேயுள்ள சீனக் கரையிலிருந்து சீனப் படை சுடத் தொடங்கியது. 44 நாளில் 4,70,000-க்கும் மேற்பட்ட குண்டுகள் இந்தச் சின்னத் தீவில் விழுந்தன. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று 1979 தொடக்கம் வரை நீடித்தது. இந்தப் பிற்காலக் குண்டுகளில் பெரும்பாலும் பிரசாரத் துண்டறிக்கைகளே இருந்தன. வெடிகுண்டு சுக்குநூறாகிவிடும், துண்டறிக்கைக் குண்டோ வானில் திறந்து தாளைக் கொட்டிவிட்டு, கூடு ஏறக்குறைய முழுசாகக் கீழே வந்து இறங்கும். கொல்லர்களுக்கு வாய்த்த இரும்பு அதுதான். பட்டறையில் கூட்டைக் கேஸ் கட்டரால் துண்டு போட்டு, உலையில் பழுக்கக் காய்ச்சி, பவர் ஹேமரில் தட்டி, சாணை பிடிப்பதுவரை கண்ணெதிரிலேயே பார்க்கலாம்.

வாங்கும்போது வெறும் கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகு சேர்த்ததா என்று கேளுங்கள். கார்பன் எஃகில் புளியோ எலுமிச்சையோ பட்டால் கறுத்துவிடும். ஈரத்தோடு போட்டுவைத்தால் விடிவதற்குள் துரு. நம் சமையலுக்கு இரண்டாவதுதான் தோது என்பேன்.

கத்தியைக் கடைசி நாளில் வாங்குங்கள். முதல் நாள் குனிங்தோவில் சீனக் கம்யூனிஸ்ட் படை கரையிறங்கி 1949 அக்டோபரில் போர் நடந்த இடத்தையும், ஜாய்ஷான் சுரங்கத்தையும் பாருங்கள். கருங்கல்லைக் குடைந்து 357 மீட்டருக்குக் கடல்நீரை உள்ளே விட்டிருக்கிறார்கள். குண்டுமழைக்குத் தப்பிச் சரக்குப் படகுகள் ஒதுங்குவதற்காக. பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கடற்கரையைத்தான் அவர்கள் மறந்துவிட வேண்டும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும். போதாக்குறைக்கு, எதிரிப் படகு கரையேறாதபடி கான்கிரீட்டில் சாய்த்து நட்ட தண்டவாளத் துண்டுகள் பல கரைகளில் இன்னும் நிற்கின்றன. வற்றுநேரத்தில் ஜியான்கோங் திட்டுக்குக் கடலடித் தரையிலேயே நடந்து போகலாம். ஓத அட்டவணையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். திரும்பும் பாதையைத் தண்ணீர் சீக்கிரமே மூடிவிடும்.

பழைய வீடுகளுக்கு ஷுய்தோ கிராமம். தென்கிழக்காசியாவில் சம்பாதித்தவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த ஐரோப்பிய பாணி மாளிகைகள், பக்கத்திலேயே 1931-இல் கொள்ளையருக்கு அஞ்சிக் கட்டிய காவல் கோபுரம். உங்கள் ஊர்ச் சங்கதியும் இதில் உண்டு: சிங்கப்பூர் ஆற்றில் சூலியாக்கள் (தமிழ் முஸ்லிம்கள்) கையிலிருந்த சரக்குத் தோணித் தொழில் பின்னால் சீனர் கைக்கு மாறியபோது, அதில் இறங்கியவர்களில் கின்மென்காரர்கள் பலர்.

வழி: எதிர்க்கரைச் சீன நகரமான சியாமென்னுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து படகில் ஏறினால் அரைமணி நேரத்தில் ஷுய்தோ துறை. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இப்போதைக்கு இரு பக்கமும் விசா வேண்டாம்; இந்திய பாஸ்போர்ட் என்றால் இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். கத்தி வாங்குவதால் திரும்பும்போது தைபே வழியே வாருங்கள். சீனாவில் கத்திச் சோதனை கடுமை. ஆனால் தைபேக்கு இரண்டு விமான நிலையங்கள்: கின்மென் விமானம் இறங்குவது சோங்ஷானில், சிங்கப்பூர் விமானம் கிளம்புவது தாவ்யுவானில். நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். மார்ச் முதல் மே வரை போகிறவர்களுக்கு ஒருநாள் கூடுதலாகவே வேண்டும். மூடுபனியில் விமானம் ரத்தாவது அங்கே சகஜம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பெரிய வரியில்லாக் கடை வளாகத்தில் நேரத்தைக் கொட்டாதீர்கள், சாங்கி விமான நிலையத்தில் இல்லாதது அங்கே குறைவு. அதைவிட வேர்க்கடலை மிட்டாய் வாங்கலாம். சில வகைகளில் இறைச்சித் தூள் இருக்கும், சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள். கணவர் சோள மதுவைத் தேடுவார். 1950-களில் ராணுவம் எடைக்கு எடை அரிசி கொடுத்துச் சோளம் பயிரிட வைத்ததில் வளர்ந்த தொழில் அது. பேர்போன புட்டியில் 58 சதவீதம் ஆல்கஹால். கத்தியும் புட்டியும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். புட்டியைத் துணிக்குள் சுற்றி நடுவில் வையுங்கள். சிங்கப்பூர் சுங்கத்தில் ஆளுக்கு ஒரு லிட்டர் வடிமதுவுக்குத்தான் வரி விலக்கு, பிள்ளைகள் கணக்கில் சேர மாட்டார்கள்.