நூல் எது என்று பார்த்து உடுப்பு வாங்குவது: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் தையல் வேலை செய்கிறேன். பருத்தி, பட்டு, லினன் போன்ற இயற்கை நார் உடுப்பை எப்படி அடையாளம் காண்பது, எங்கே தேடுவது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): அக்கா, மகளுக்கு மூன்று வயது. கொட்டன் என்று சொல்லித் தந்த சட்டையைப் போட்டால் கழுத்தடியும் முதுகும் வேர்க்குருவாய்ப் போகிறது. கடையில் சொல்வதை நம்பலாமா?

பதில்: எரித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள், தங்கச்சி. சட்டையின் உள் தையலில் விட்டிருக்கும் துணியிலிருந்து இரண்டு நூல் உருவுங்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் எரிக்க வேண்டும். பாவு பருத்தி, ஊடை பொலியெஸ்டர் என்று நெய்த துணிகள் தாராளமாக விற்பனையில் இருக்கின்றன. பிள்ளையைத் தூரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சாவணத்தால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள்.

பருத்தி உடனே பற்றிக்கொள்ளும். கடதாசி எரிந்த மணம் வரும். சுவாலை அணைந்த பிறகும் நுனி கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்கும். மிஞ்சும் சாம்பல் விரல் பட்டாலே தூளாகிவிடும். பொலியெஸ்டர் அப்படியல்ல. நெருப்பைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கும், உருகும், கரும்புகை விடும். ஆறியதும் நுனியில் கறுப்பாக ஒரு கடினமான மணி நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் நசியாது. சாம்பலும் வந்து அதற்குள் குறுணி குறுணியாகவும் தட்டுப்பட்டால் அது கலப்பு நூல்.

இன்னொன்று. சட்டையை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் விசேஷச் சட்டைகள் பலவற்றில் வெளித்துணி கொட்டனாக இருக்கும், தோலில் படும் லைனிங்கும் விறைப்புக்கு வைத்த வலையும் பொலியெஸ்டராக இருக்கும். விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைக்கு அரிப்பு அரிப்புத்தான். லைனிங்கை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எந்தத் தையற்காரரும் செய்து தருவார்.

கேள்வி (நல்லூர்): தண்ணீர்ச் சொட்டு விட்டு உறிஞ்சுகிறதா என்று பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. புதுப் பருத்தியில் பசை ஏற்றியிருந்தால் தண்ணீர் மேலேயே நிற்கும். சில பொலியெஸ்டர் துணிகளோ தண்ணீரைப் பரவவிடும்படி பதப்படுத்தப்பட்டவை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் உள்ள விஷயம் சரியானது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7 அல்லது 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும், லினன் அதைவிடக் கூடுதலாக. பொலியெஸ்டர் அரைச் சதவீதம்கூட வாங்காது. வைகாசி வெயிலில் பொலியெஸ்டர் சேட் முதுகோடு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி (கொக்குவில்): ரேயோன் சல்வார் மெத்தென்று இருக்கிறது, விலையும் குறைவு. அதுவும் மரத்திலிருந்துதானே வருகிறது? மூங்கில் துணி என்றும் ஒன்று விற்கிறார்களே?

பதில்: மரக்கூழ்தான், ஆனால் அதை இரசாயனத்தில் கரைத்து மறுபடி நூலாக இழுக்கிறார்கள். அதனால் பருத்தியோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன், பொலியெஸ்டரோடும் சேர்க்க மாட்டேன். உடம்புக்குக் குளிர்ச்சிதான், வியர்வையையும் வாங்கும். குறை என்னவென்றால், நனைந்தால் வலுக் குறைந்துவிடும். கல்லில் அடித்துத் தோய்க்கும் வீட்டில் சீக்கிரம் இற்றுப் போகும். எரித்தாலும் பருத்தி மாதிரியே எரியும் என்பதால் நெருப்பு இங்கே உதவாது. ஒரு நூலின் நடுவை நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்த இடத்திலேயே சட்டென்று அறுந்தால் ரேயோன். பருத்தி நனைந்தால் உரம் கூடும்.

மூங்கில் துணியில் பெரும்பாலானவை மூங்கில் கூழில் செய்த அதே ரேயோன்தான். அமெரிக்காவில் அதை வெறுமனே மூங்கில் என்று எழுதி விற்க முடியாது, ரேயோன் என்று குறிப்பிட்டாக வேண்டும்.

கேள்வி (சாவகச்சேரி): நல்லூர்த் திருவிழா வருகிறது. மினுக்காமல் (இஸ்திரி போடாமல்) கட்டலாம் என்று ஒரு வேட்டி காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: மினுக்கத் தேவையில்லை என்றால் பெரும்பாலும் பொலியெஸ்டர் கலந்திருக்கும், ஐயா. 25 நாளும் கோயிலுக்குப் போகிறவர், வெயிலில் தேருக்குப் பின்னால் நடக்கிறவர், பிரதட்டை செய்கிறவர் என்றால் பருத்தி வேட்டியே எடுங்கள். முதல் தரம் நனைத்துக் காயவிட்டுக் கட்டினால் விறைப்புத் தணிந்து இடுப்பில் நன்றாக நிற்கும்.

கேள்வி (மானிப்பாய்): மகளுக்குக் கூறைச் சேலை எடுக்க வேண்டும். பட்டு என்று நம்பி ஏமாறக்கூடாது.

பதில்: இதில் அவசரப்படவே கூடாது, அம்மா. ஆர்ட் சில்க் என்றால் செயற்கைப் பட்டு, சொவ்ற் சில்க் என்ற பெயரில் உண்மைப் பட்டும் வரும், பொலியெஸ்டரும் வரும். பெயரை விட்டுவிடுங்கள். முந்தானை ஓரத்தில் முடியாமல் விட்டிருக்கும் நூலில் ஒன்றை எடுத்து எரிக்க அனுமதி கேளுங்கள். பட்டு என்றால் தலைமயிர் பொசுங்கிய நாற்றம் வரும், நெருப்பை எடுத்தால் தானாக அணைந்துவிடும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கலாம். உடல், கரை, முந்தானை மூன்றிலும் நூல் பாருங்கள். உடலில் பட்டும் கரையில் வேறு நூலும் போட்டு நெய்வதுண்டு.

இந்தியாவிலிருந்து வரும் சேலையில் சில்க் மார்க் அட்டை இருந்தால் நல்லது. இந்திய மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த முத்திரை அது. பட்டு நூலுக்குத்தான் அது உத்தரவாதம், சரிகைக்கு அல்ல. இத்தனை விலை கொடுக்கும்போது ஒரு நூலைச் சோதிக்க விடாத கடையில் கூறை எடுக்காதீர்கள்.

கேள்வி (பருத்தித்துறை): ஆயத்த உடுப்பில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். கைத்தறி வாங்கலாம் என்றால் விலை கட்டாது. என்ன வழி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. துணியாக வாங்கித் தைப்பியுங்கள். நமக்கு அந்த வசதி இன்னும் இருக்கிறது, ஊருக்கு ஊர் தையற்காரர் இருக்கிறார். யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் போனால் மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் புடவைக்கடைகளில் பொப்லின் (நெருக்கமாக நெய்தது), வொயில் (மெல்லியது) போன்ற துணிகளை நேரே தொட்டுப் பார்க்கலாம். அரை விரல் துண்டு கேட்டு வாங்கி வந்து வீட்டில் எரித்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் போய் வாங்குங்கள். ஆயத்த உடுப்பில் இந்த வசதி இல்லை.

முதலில் எதை மாற்றுவது என்றால், உள்பாவாடை, பெனியன், உள்ளாடை, படுக்கைக்குப் போடும் உடுப்பு. தோலோடு நாள் முழுக்கக் கிடப்பவை இவைதான், செலவும் குறைவு. வழுக்கிக்கொண்டு விழும் செயற்கைத் துணி உள்பாவாடைக்குப் பதில் பருத்திப் பொப்லினில் ஒன்று தைத்துக் கட்டிப் பாருங்கள். அதற்குமேல் பொலியெஸ்டர் சேலை கட்டினால்கூட வித்தியாசம் தெரியும்.

கைத்தறியில் கிழக்கு மாகாணத்து மருதமுனைச் சாறமும் சேலையும் நல்ல பேர் பெற்றவை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: தறியில் பொலியெஸ்டர் நூலும் ஓடும். கைத்தறி என்று சொன்னால் நெய்த விதம் தெரியும், நூல் தெரியாது. அங்கேயும் கேளுங்கள்.

கேள்வி (சுன்னாகம், புடவைக்கடை வைத்திருப்பவர்): நாங்கள் கொட்டன் வைத்தால் சுருங்குகிறது, சாயம் போகிறது என்று திருப்பிக்கொண்டு வருகிறார்கள். எங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

பதில்: நியாயம்தான், அண்ணை. வாங்குகிறவருக்குச் சொல்லிக் கொடுக்காததால் வரும் வில்லங்கம் அது. பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயப்போட வேண்டும். மீற்றருக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் சுருங்கலாம் என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டும். கடும் நிறத்தை முதல் சில தரம் தனியாகத் தோய்க்க வேண்டும். இதை பில்லோடு ஒரு துண்டில் அச்சடித்துக் கொடுங்கள். கூடவே இது முழுப் பருத்தி, இது கலப்பு என்று துணிக்கட்டில் எழுதி ஒட்டுங்கள். அப்படி ஒட்டிய கடைக்கு என்னிடம் வருகிற எல்லோரையும் அனுப்புவேன்.

கேள்வி (உரும்பிராய்): கிரிக்கெட் விளையாட ரீசேட் எது நல்லது?

பதில்: விளையாடும் நேரத்துக்குப் பொலியெஸ்டரே இருக்கட்டும், தம்பி. நனைந்த பருத்தி பாரமாகும், காயவும் நேரமெடுக்கும். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வியர்வை நாற்றம் பொலியெஸ்டரில்தான் அதிகம் தங்கும்.

கேள்வி (கோப்பாய்): அம்மா நைட்டியோடு விறகடுப்பில் சமைக்கிறார். எந்தத் துணி பாதுகாப்பு?

பதில்: பருத்தியும் வேகமாகப் பற்றும், அதை மறக்க வேண்டாம். ஆனால் நைலோனும் பொலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். நெருக்கமாக நெய்த தடித்த பருத்தி, தொங்காத கை, காற்றில் பறக்காத அளவு. தொளதொளப்பான நைட்டியோடு அடுப்படிக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (ரொறன்ரோ): விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளுக்கு உடுப்புக் கொண்டுவருகிறேன். அங்கே எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்களுக்குச் சுலபம். கனடாவில் நார் விகிதத்தை லேபலில் போட வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் பெரிதாக எழுதியதை விட்டு, உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபலைப் படியுங்கள். ஜீன்ஸில் 1, 2 சதவீதம் எலாஸ்தேன் (இழுபடும் செயற்கை நூல்) இருந்தால் பரவாயில்லை.

கேள்வி (இணுவில்): வெள்ளைப் பருத்திச் சட்டை சில மாதத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகிறது. துணி சரியில்லையா?

பதில்: துணியில் பிழையில்லை, தண்ணீர்தான். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீரோடு சவர்க்காரம் சேர்ந்தால் கரையாத ஒரு படிவு உண்டாகித் துணியில் தங்கிவிடும். கட்டிச் சவர்க்காரத்தைக் குறைத்து சலவைத் தூள் பாவியுங்கள். கடைசியாக அலசும் வாளித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு அலசினால் படிவு கழன்றுவிடும். மாரியில் பீலித் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் வெள்ளைத் துணியை அதிலேயே தோயுங்கள், சவர்க்காரமும் பாதிதான் செலவாகும்.