கதிரை காலியானது, பிறகு?

வணக்கம் ஐயா,

அரசாங்க வேலையில் ஓய்வு வயதை 65 ஆக்கியபோது சனம் ஏன் திட்டியது என்று உங்களுக்கு விளங்கவில்லைப் போல. 'ஐந்து வருடம் கூட இருந்தால் என்ன குறை' என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு 31 வயது. பட்டம் முடித்து ஆறு வருடம், போன் கடையில் ரீலோட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெரியவர்கள் கதிரையை விடாவிட்டால் நாங்கள் எங்கே இருப்பது?

ச., கரவெட்டி

அன்புள்ள தம்பி,

'என்ன குறை' என்று எழுதியது என் பிழைதான். 2017 இல் வேலையில்லாப் பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்காகப் போராட்டம் இருந்தபோது, தினமும் சைக்கிளில் அவர்களைக் கடந்து போனவன் நான். அந்த வரியை எழுதியிருக்கக்கூடாது.

ஆனால் உங்கள் கதிரைக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. 65 நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். அந்த வருடமே நாடு வங்குரோத்தாகி, ஓகஸ்ட் கடைசியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் மறுபடி 60 என்றார்கள். 60 தாண்டியவர்கள் டிசெம்பர் 31 உடன் வீட்டுக்கு. என் கூட்டாளி ஒருவரும் அப்படித்தான் போனார். 31 சனிக்கிழமை, அதனால் வெள்ளியே பிரியாவிடை. பொன்னாடை, ரோல்ஸ், குரூப் போட்டோ. லாச்சியில் இருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு கண்ணாடிக் கூடும் பாதி முடிந்த சித்தாலேப டப்பியும்.

ஒரு வருடம் கழித்து வேறொரு அலுவலாக அந்தக் கந்தோருக்குப் போனேன். அவருடைய மேசையில் பழைய கோவைகள் குவிந்து கிடந்தன. கதிரை ஒரு கால் உடைந்து, சுவரோடு சாத்தியபடி. செலவைக் குறைக்க ஆட்களை அனுப்பிய அரசு, ஆள் எடுப்பதையும் இறுக்கித்தானே வைத்திருந்தது! பக்கத்து மேசைப் பிள்ளை இப்பவும் அவருக்குப் போன் எடுத்து, "சேர், அந்தக் கோவை எந்த அலுமாரியில?" என்று கேட்கிறாளாம். (இதில் அவர் பிழையும் உண்டு. தனக்கு மட்டும் தெரிந்தால்தான் மரியாதை என்று, இருந்த காலத்தில் ஒருவருக்கும் வேலை பழக்கவில்லை.)

அதோடு, எல்லாரும் கதிரை ஆசையில் 65 கேட்கவில்லை. போர்க்காலத்தில் தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்து, நாற்பது கடந்த பிறகு நிரந்தர நியமனம் கண்டவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். பென்சனுக்கு ஆகக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். சேவை கூடினால்தான் தொகையும் கூடும். 45 இல் நியமனம் பெற்ற ரீச்சருக்கு 60 என்றால் பதினைந்து வருடம், 65 என்றால் இருபது. இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற நேரத்தில்தான் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

2023 இல் பிரான்சில் 62 ஐ 64 ஆக்கியபோது, பாரிஸ் லாசப்பலில் இருக்கும் மச்சான் ஒருவர் தன் வீட்டு வாசலில் குவிந்திருந்த குப்பை மூட்டைகளைப் படமெடுத்து அனுப்பினார். குப்பை அள்ளுபவர்கள் வேலைநிறுத்தம். அங்கே வேலை செய்பவன் 'என்னை விடு' என்று தெருவில் இறங்கினான். இங்கே வேலை செய்பவன் 'என்னை விடாதே' என்றான். வேலையில்லாதவன் 'அவனை அனுப்பு' என்றான். மச்சானுக்கு 58. உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். "64 வரைக்கும் முழங்கால் வராது" என்றார்.

உங்கள் கடிதத்தில் அந்தப் போன் கடையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. அதுவும் வேலைதான், தம்பி. 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறையிலும் பொதுவாக 60 வயதுக்கு முன் ஓய்வென்று சொல்லி ஆளை அனுப்ப முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம் போட்டுக் கட்டவேண்டும். கட்டுகிறாரா? இல்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். விசாரித்துவிட்டு எழுதுங்கள்.