ஊசியும் நூலும்: ஐந்து பேருக்கு 1602ஆம் ஆண்டு உடுப்பு

கேள்வி: ரீச்சர், எங்கள் வாசிகசாலை விழாவில், 1602இல் ஒல்லாந்துக் கப்பல் மட்டக்களப்புக்கு வந்த கதையைக் குடும்பமாக நடிக்கப் போகிறோம். கணவர் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன், மாமனார் ஊர்ப் பெரியவர், நானும் மகளும் ஊர்ப் பெண்கள், ஆறு வயது மகன் கப்பல் பையன். பின்னால் கோட்டையைப் படமாக வரைகிறோம். என்னிடம் ஒரு தையல் மெசினும் பழைய திரைச்சீலைகளும் இருக்கின்றன. ஒரு மாதத்தில் ஐந்து பேருக்கும் தைத்து முடிக்கலாமா?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: தங்கச்சி, ஐந்து பேருக்கும் தைக்கத் தேவையில்லை. இரண்டு பேருக்குத் தைத்தால் போதும். அந்தக் காலத்தில் எங்கள் சனம் உடுத்ததில் தையல் மிகக் குறைவு. மாமனாருக்கு வெள்ளை வேட்டியும் சால்வையும். நீங்களும் மகளும் கரை வைத்த மருதமுனைக் கைத்தறித் துணியை மார்புக்கு மேலே சுற்றிக் குறுக்குக்கட்டாகக் கட்டுங்கள். மேடையில் கூச்சமாக இருந்தால் அதே நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்றை உள்ளே போடலாம். பஃப் கை வைத்த பிளவுஸ் மட்டும் வேண்டாம், அது பிந்திய காலத்து உடுப்பு.

மிச்ச நேரத்தைக் கணவரின் கழுத்துக்குக் கொடுங்கள். அந்தக் காலத்து ஒல்லாந்தரைப் படங்களில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, கழுத்தைச் சுற்றி நிற்கும் அந்த வெள்ளை மடிப்புப் பட்டிதான். அது சரியாக வந்தால் மற்றதில் கொஞ்சம் குறை இருந்தாலும் ஆள் ஒல்லாந்தனாகத் தெரிவார்.

வெள்ளைப் பருத்தித் துணியில் நாலு அங்குல அகலமாகக் கிழித்து, மூட்டி, 3 யார் நீளம் எடுங்கள். ஒரு கரையை மெல்லிதாக மடித்துத் தையுங்கள். மற்றக் கரையை அரை அங்குலம் மடித்து, அதில் கையால், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி நூலோட்டம் போடுங்கள். தையல் அரை அங்குலத்துக்கு ஒன்று. இரண்டு வரியிலும் ஊசி நேருக்கு நேர் இறங்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் எல்லாம் கெடும். இரண்டு நூலையும் சேர்த்து இழுத்தால் துணி தானாக மடிப்பு மடிப்பாக எழும்பும். 16 அங்குலத்துக்கு வந்ததும் ஒரு பட்டியில் பொருத்தி, பின்னால் கொக்கி வையுங்கள். அப்புறம் தடிப்பான சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, அரை ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு மடிப்பிலும் பென்சிலை விட்டு வட்டமாக எடுத்துவிடுங்கள். ஒல்லாந்திலும் இந்தப் பட்டி கஞ்சியில்தான் நின்றது. எங்கள் வாவிக் காற்றின் ஈரத்துக்கு அது சீக்கிரம் தளர்ந்துவிடும், அதனால் மேடையேறும் வரை ஒரு பெரிய பிஸ்கட் பேணியில் மூடி வையுங்கள்.

சட்டைக்குத் திரைச்சீலை நல்லது. முன்னால் சின்னப் பொத்தான்களை நெருக்கமாக வையுங்கள். சிப் வெளியே தெரியக் கூடாது, அது இருபதாம் நூற்றாண்டுச் சாமான். கால்சட்டை தொளதொளவென்று வந்து முழங்காலுக்குக் கீழே சுருக்கி முடியட்டும். அதற்குக் கீழே கால்பந்து விளையாடுகிறவர்கள் போடும் நீள சொக்ஸ் போதும். உள்ளுக்குப் பழைய சாரனை வெட்டி லைனிங் கொடுங்கள், வியர்வையை அது இழுக்கும்.

அக்குளை மறக்க வேண்டாம். என் தம்பி முதன்முதல் கூத்தில் அரசனாக ஆடியபோது நான்தான் உடுப்புத் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூத்துக் களரியில் அவன் வாளைத் தூக்கிய முதல் தருவிலேயே, அதாவது முதல் பாட்டிலேயே, அக்குள் இரண்டு பக்கமும் கிழிந்தது. விடியும் வரை அவன் கையைத் தாழ்த்தியே ஆடினான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும். அன்றிலிருந்து அக்குளில் நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்று வைக்காமல் நான் மேடை உடுப்புத் தைப்பதில்லை. அந்தக் காலத்து ஐரோப்பியச் சட்டைகளிலும் இந்தத் துண்டு உண்டு.

மகனுக்கு அப்பாவின் பழைய வெள்ளைச் சேர்ட்டைச் சின்னதாக்குங்கள். பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்றால் தேயிலைத் தூள் கொதிக்க வைத்த நீரில் ஒரு மணித்தியாலம் ஊற விடுங்கள். பருத்தி அந்த நிறத்தைப் பிடிக்கும், பொலியெஸ்டர் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: கடதாசி எரிந்த மணமும் சாம்பலும் வந்தால் பருத்தி, உருகி உருண்டையானால் பொலியெஸ்டர்.

இன்னொன்று, கோட்டைப் படத்தை வரையாதீர்கள். போர்த்துக்கேயர் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். ஸ்பில்பேர்கன் வந்தபோது அங்கே கோட்டை இல்லை. கடலும் தென்னைகளும் வரைந்தால் சரி.

கேள்வி: பேரனுக்குப் பத்து வயது. வடமோடிக் கூத்துக்குக் கரப்புடுப்பு (இடுப்பில் வளையம் கட்டி விரித்த உடுப்பு) வீட்டிலேயே செய்யலாமா?
(வாசகர், ஆரையம்பதி)

பதில்: செய்யலாம் ஐயா. ஆனால் துணி வாங்க முதல் கூத்துப் பழக்கும் உங்கள் அண்ணாவியாரிடம் போய், பையன் என்ன தாளத்துக்கு எப்படிச் சுழலப் போகிறான் என்று கேளுங்கள். பெரியவர்களின் வளையத்தைப் பிள்ளைக்குக் கட்டினால் அது முழங்காலில் அடிக்கும். வளையத்தை மட்டும் முதலில் இடுப்பில் கட்டி, அடுக்குப் பார்க்கும்போது (ஒத்திகையில்) இரண்டு இரவு ஆட விடுங்கள். எங்கே இடிக்கிறதென்று அவனே சொல்வான். அதற்குப் பிறகு துணியை வெட்டுங்கள்.