பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சலில் கை இழுத்ததும் உடல் நின்றுவிடுகிறதா?

வணக்கம். கையை இடுப்பு வரை இழுத்தும் முன்னேறவில்லை, மூச்செடுத்ததும் உடல் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நீளமான இழுப்பைத்தான் முதலில் விடவேண்டும். கைகள் அவ்வளவு பின்னால் போனால், திரும்ப முன்னே கொண்டுவரும்போது தண்ணீரையே எதிர்த்துத் தள்ளுகிறீர்கள்.

தோளைவிடச் சற்று அகலமாகக் கைகளை விரியுங்கள். அப்புறம் முழங்கையை மேலேயே வைத்து, முன்னங்கையைக் கீழே இறக்கித் தண்ணீரைப் பிடியுங்கள். முழங்கை தோளுக்குப் பின்னால் போகும் முன்பே கைகள் நெஞ்சுக்குக் கீழே சேரவேண்டும். மூச்சு அந்த நேரத்தில்தான். சேர்ந்ததும் நிறுத்தாமல் முன்னே நீட்டுங்கள். பலரும் கும்பிட்டபடி ஒரு கணம் தங்கிவிடுகிறார்கள், வேகம் போவது அங்கேதான்.

தொடைகளுக்கு நடுவே ‘புல் பாய்’ (pull buoy) என்ற மிதவையை வைத்து, கையால் மட்டும் 25 மீட்டர் நீந்திப் பாருங்கள். தோள் வலித்தால் விரிப்பைக் குறையுங்கள்.